கேரட் காசு

வெள்ளையாக இருந்தால் தின்பான்.
இட்லி, இடியாப்பம், தாளிக்காத தயிர்சோறு.
தாளித்துவிட்டால்
ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி
டப்பா மூடியில் எறும்பு வரிசைபோல் அடுக்கி
வீட்டுக்கே கொண்டுவருவான்,
எனக்குக் காட்ட.

லிவின். இரண்டாம் வகுப்பு. பதினேழு கிலோ.
ஊட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்
நிறம் நிறமாகக் கொடுங்கள் என்று.

நிறத்துக்கா பஞ்சம்?
ராத்திரி பதினொன்றுக்கு லாரி வந்து நிற்கும்
கேத்தி பாலாடாவில்.
செம்மண் பூசி இறங்குகிற கேரட்
மிஷினுக்குள் உருண்டு உருண்டு
ஓடைத் தண்ணீரைக் குடித்து
வெளியே வந்து விழும்போது
குழல்விளக்கடியில் கண் கூசும்.
நீளம் ஒரு பக்கம், குட்டை ஒரு பக்கம்,
இரண்டும் மேட்டுப்பாளையத்துக்கு.
ஒடிசல் எங்களுக்கு.
உரச்சாக்கை இடுப்பில் கட்டியும்
முழங்கால்வரை நனைந்துவிடும்.
ஜனவரியில்
கையில் இருப்பது கேரட்டா என் விரலா என்று
கிள்ளிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

நாலரைக்கு வீடு. அடுப்பு.
துருவி மாவில் கலந்தேன்.
"இட்லிக்கு அம்மை போட்டிருக்கு" என்றான்.
அல்வா கிண்டினேன், அரைநாள் கூலி நெய்க்கே போனது.
முந்திரி மட்டும் காணாமல் போயிருந்தது.
கீரை அரைத்து டைனோசர் பூரி சுட்டேன்,
வாலெல்லாம் வைத்து.
"ஏன் பச்சையா இருக்கு?"
டைனோசர் பச்சைதான்டா.
"யாரு பாத்தா?"

யோசனை தீர்ந்துபோன ஒரு விடியலில்
வட்ட வட்டமாக வெட்டி
சும்மா போட்டனுப்பினேன்.
டப்பா காலியாக வந்தது.
மறுநாளும் காலி.
பஸ்ஸில் ஜன்னலோரம் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து
பக்கத்துச் சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நாள்
டைரியில் சிவப்பு மை:
உங்கள் மகன் வகுப்பில் வியாபாரம் செய்கிறான்.

தூங்காமல் போனேன்.
மத்தியானமே இருட்டுகிற அளவுக்கு மூடுபனி.
வகுப்பு ஜன்னலை
முந்தானையால் ஒரு வட்டம் துடைத்துப் பார்த்தேன்.
பெஞ்சின்மேல் அடுக்கடுக்காக
என் கேரட்.
ஒரு காசுக்கு
ரிஸ்வானாவின் அவித்த முட்டையில் பாதி.
இரண்டு காசுக்கு
போஜன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அவரைக் குழம்பு.
பச்சையா இருக்கே என்று
அவன் கேட்கவே இல்லை.
கீரைவடை மூன்று காசு.
கொள்ளை விலை, அவனுக்கே தெரிகிறது,
தலையை ஆட்டுகிறான், எழுந்து போவதுபோல் போகிறான்,
திரும்பி வருகிறான்.
இரண்டரைக்குப் படிந்தது.
அரைக்கு எங்கே போவது?
ஒரு காசை எடுத்து
பல்லால் சரிபாதியாகக் கடித்தான்.
ஒரு பாதியை வடைக்காரியிடம் நீட்டினான்.

வாயில் இருந்த பாதியைத் துப்பவில்லை.
நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.
மென்றான்.

"பாத்தீங்கள்ல?" பின்னாலிருந்து ஹெலன் மிஸ்.
பாத்தேன் மிஸ்.
"வீட்ல கண்டிக்கணும்."
கண்டிக்கிறேன் மிஸ்.

அன்று ராத்திரி மூன்று லாரி.
மேஸ்திரி எண்ணிக் கொடுத்த நோட்டு
நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.
வீட்டுக்கு வந்து அதை அடுப்போரம் காயவைத்துவிட்டு
ஒடிசல் இரண்டை எடுத்தேன்.
நேற்று பதினாலு வட்டம்.
இன்று கத்தியைச் சாய்த்து மெல்லிசாக அரிந்ததில்
இருபத்தொன்று.
விளிம்பை வளைவு வளைவாகச் செதுக்கினேன்,
பழைய பத்துப் பைசா மாதிரி.

மூடி போடும்போது தோன்றியது,
இரண்டு மூன்றைப் பாதியாகவே நறுக்கி வைக்கலாமா,
சில்லறைக்கு?

வேண்டாம்.
அவனே கடித்துக்கொள்ளட்டும்.